மிஸ்டர் குலாவின் ரோட் டெஸ்ட்

போன மாதம், நான் கடைசியாக வேலை பார்த்த பட்டறைக்குப் போயிருந்தேன். பழைய பாசம் இழுத்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் அன்று காலை என் மனைவி அலமாரியை இடம் மாற்றலாம் என்று ஆரம்பித்தாள். ஓய்வு பெற்றவனுக்கு அவசர வேலை எவ்வளவு சீக்கிரம் வரும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பட்டறையில் இப்போது ஸ்கேனர் வந்துவிட்டது. வண்டியில் ஒரு கம்பியைச் செருகினால், எங்கே கோளாறு என்று திரையே சொல்லிவிடும். நான் போன நேரம் இரண்டு மெக்கானிக்குகள் ஒரு ஸ்கூட்டரின் முன்னால் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோளாறு எதுவும் இல்லை என்கிறது திரை. ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது ஸ்கூட்டர். நான் பெரிய மனிதர் தோரணையில் கிட்டே போனேன். இறங்கியிருந்த சைட் ஸ்டாண்டில் கால் தடுக்கி விழப் பார்த்தேன். ஸ்டாண்ட் இறங்கியிருந்தால் எஞ்சின் எழும்பாத வண்டி அது. ஸ்டாண்ட் மடங்கியது, வண்டி ஸ்டார்ட் ஆனது. இரண்டு பேரும் என்னை மேதையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நான் அதைத் திருத்தவில்லை.

"அண்ணே, இந்த ஸ்கேனர் இல்லாத காலத்துல என்னதான் பண்ணீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"டீ குடிச்சோம் லா" என்றேன். சிரித்தார்கள். நான் சொன்னது முழு உண்மை. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

நான் தொழில் கற்றது கிள்ளானில், ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், மோட்டார் சைக்கிள் கடையில். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. டயர் கழற்றினேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன், தவுக்கேயின் நாயைக் குளிப்பாட்டினேன். ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கம்பியைக் கையால் பிடித்துப் பார்த்தேன். மின்சாரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இருந்தது. தவுக்கே அதைப் பார்த்துவிட்டு, "நீ வயரிங் பக்கம் போ, உனக்குத்தான் பயம் இல்லை" என்றார். பயம் இல்லாததல்ல, புத்தி இல்லாதது. ஆனால் அப்படித்தான் நான் எலக்ட்ரிக்கல் ஆள் ஆனேன்.

அங்கிருந்து தலைநகருக்கு, பிரிக்ஃபீல்ட்ஸுக்கு, வந்து சேர்ந்த பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர் மிஸ்டர் குலா. முழுப்பெயர் குலசிங்கம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக பிரிக்ஃபீல்ட்ஸ்வாசிகள். அவர் அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். அந்த ரத்தமோ என்னவோ, இவர் பச்சை விளக்கு தெரியாமல் எதையும் தொட மாட்டார். எங்கள் எல்லார் சட்டையிலும் கிரீஸ் இருக்கும். அவர் சட்டையில் இஸ்திரி மடிப்பு இருக்கும். எந்த முடிவும் எடுக்கும் முன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி மாட்டுவார். அதற்குள் கஸ்டமருக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். மீதிப் பாதியை அவர் தமிழ் பார்த்துக்கொள்ளும்.

"மணியம், அவசரப்படாதையும்" என்பார் என்னிடம். "முதல்ல கேளும். பிறகு பாரும். கடைசியாத்தான் தொடும்."

கேட்பது என்றால் வண்டிக்காரரிடம் கேட்பது. எப்போது நிற்கிறது? மழையிலா, வெயிலிலா? பள்ளத்தில் இறங்கும்போதா? விளக்கும் சேர்ந்து அணைகிறதா? பார்ப்பது என்றால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவது. எந்த வயர் உரசியிருக்கிறது, எந்த இணைப்பில் பச்சை பூத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தொடுவது கடைசி. அதுவும் வெறுங்கையால் அல்ல, மீட்டரால். அளவு காட்டாமல் ஒரு பல்பைக்கூட மாற்ற விடமாட்டார். நான் அவசரத்தில் மீட்டர் முனையைத் துரு மேல் வைத்து, "கரண்ட் வரல சார்" என்று கத்தினால், அமைதியாகச் சொல்வார்: "மீட்டர் பொய் சொல்லாது. வைக்கிற கைதான் பொய் சொல்லும்."

இதில் நான் எவ்வளவு தேறினேன் என்பதற்கு ஒரு சான்று. ரவாங்கிலிருந்து ஒருவர் வந்தார். அவர் வண்டியில் பிரேக் பிடித்தால் சிக்னல் விளக்குகள் மங்கலாக எரியும். சிக்னல் போட்டால் பிரேக் விளக்கு கண்ணடிக்கும். நான் பாதி வண்டியைப் பிரித்துப் போட்டேன். மிஸ்டர் குலா வந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "வடிவான நிறம். எப்ப அடிச்சனீங்கள்?" வந்தவர் போன வாரம்தான் வண்டியின் எலும்புக்கூடு முழுக்க ஊதா பெயிண்ட் அடித்திருக்கிறார். கரண்ட் திரும்பிப் போகிற எர்த் கம்பி வண்டியின் உடம்பில் திருகப்பட்டிருக்கும் இடத்திலும் பெயிண்ட். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், பக்கத்து விளக்குகளின் வழியாகப் புகுந்து போயிருக்கிறது. ஒரு நாணயம் அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டினோம். சரியாகிவிட்டது. நான் பிரித்துப் போட்டதை மாட்டத்தான் சாயங்காலம் வரை ஆனது.

இனி ரோட் டெஸ்ட். ரிப்பேர் முடிந்த வண்டியை ஓட்டிப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்பது மிஸ்டர் குலாவின் சட்டம். பாதையையும் அவரே வகுத்திருந்தார்: பாலத்தைத் தாண்டி பங்சார் பக்கம் போய், மேடு ஏறி இறங்கி, ஒரு டீக்கடை வாசலில் திரும்பி வர வேண்டும். "ஏத்தம் இருக்கு, பள்ளம் இருக்கு, சிக்னல் லைட்டும் இருக்கு. முழுமையான சோதனை" என்பார்.

அவர் சொல்லாமல் விட்டது டீ. மிஸ்டர் குலாவுக்குச் சர்க்கரை இருந்தது. டாக்டர் இனிப்பை நிறுத்தச் சொல்லியிருந்தார். "கொஞ்சம்தான் ஏறியிருக்கு" என்பார் இவர். அவர் மனைவி ஓய்வு பெற்ற ஆசிரியை. பிரிக்ஃபீல்ட்ஸில் டீ ஆற்றுகிற கைகளில் பாதி அவரிடம் கணக்குப் படித்த கைகள். எந்தக் கடையில் இவர் இனிப்பு டீ வாங்கினாலும், வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். பங்சார் கடைக்காரர் மட்டும்தான் டீச்சரம்மாவின் மாணவர் அல்ல. ஆகவே சோதனை ஓட்டம் அந்தக் கடை வழியாக அமைந்தது. கட்டிப்பால் ஊற்றி நுரைக்க ஆற்றிய டீ, தே தாரிக், பிளாஸ்டிக் பையில், வாயை ஒரு ஓரமாகக் கயிறு போட்டுக் கட்டியது. ரோட் டெஸ்ட் செய்வது பெரும்பாலும் நான்தான் என்பதால், அந்தப் பையை வண்டியில் தொங்கவிட்டுக் கொண்டுவருவதும் நான்தான். நேராகப் பின்கட்டுக்கு. அங்கே மிஸ்டர் குலா ஸ்ட்ராவைப் போட்டுக் கண்ணை மூடுவார். அந்த ஒரு நேரம் மட்டும் அவர் கண்ணாடியைத் துடைக்க மாட்டார்.

இப்படியிருக்க, தேவிகா வந்தாள்.

கிள்ளான் பெண். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. முதல் ஷிஃப்ட் அவளுடையது. நோயாளிகள் வருமுன் போய், சென்டரைத் திறந்து, மிஷின்களைக் கழுவித் தயார் செய்ய வேண்டும். அந்த நேரத்துக்கு ரயில் உதவாது. அதனால் கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கி, ஃபெடரல் ஹைவேயில் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே உள்ள பாதையில் இருட்டோடு கிளம்பி வந்துகொண்டிருந்தாள். முதல் தடவை எங்களிடம் வந்தது சாதாரண சர்வீஸுக்கு. எண்ணெய் மாற்றினோம், பிரேக் பார்த்தோம், ரோட் டெஸ்ட் செய்து கொடுத்தோம்.

பத்துப் பதினைந்து நாளில் திரும்பி வந்தாள். மோட்டார் பாதையில், சாலைக்கு அடியில் நுழைகிற சுரங்கத்துக்குள், வண்டி பொட்டென்று செத்துவிட்டதாம். விளக்கும் போச்சு, எஞ்சினும் போச்சு. தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கோபத்தில் ஒரு உதை உதைத்திருக்கிறாள், உயிர் வந்திருக்கிறது.

மிஸ்டர் குலா கேட்க ஆரம்பித்தார். அவள் நன்றாகவே பதில் சொன்னாள். உயிர் வரும்போது வேகம் காட்டும் மீட்டரில் என்ன நடக்கிறது?

"முள்ளு ஒருதடவ மேல போய்க் கும்பிடு போட்டுட்டுக் கீழ வந்து உக்காருது அங்கிள்."

வண்டியில் இருக்கிற கடிகாரம்?

"கடிகாரம் சரியா இருக்கு."

மிஸ்டர் குலாவின் கண்ணாடி கழன்றது. இந்த இரண்டு பதிலில் பாதி வேலை முடிந்தது என்று எனக்குப் பின்னால் விளக்கினார். சாவியைத் திருப்பும்போது மீட்டர் முள் ஒருமுறை மேலே போய் இறங்கும்; அது அந்த வண்டியின் பழக்கம். சாவியைத் தொடாமலே அப்படிச் செய்தால், சாவி வழியாக வரும் கரண்ட் நின்று திரும்பி வந்திருக்கிறது என்று பொருள். கடிகாரத்துக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட். அது பிசகவில்லை என்றால் பேட்டரி நல்லது, ஃபியூஸ் நல்லது. ஆக, சந்தேகம் சாவி சுவிட்ச் மேல்.

மீட்டரை வைத்தோம். சுவிட்சுக்குள் போகிற பக்கம் ஒரு முனை, வெளியே வருகிற பக்கம் இன்னொரு முனை. விளக்கைப் போட்டு, சாவியை மெல்ல ஆட்டினால் இரண்டுக்கும் வித்தியாசம் வரக் கூடாது. வந்தது. அளவு மேலும் கீழுமாகக் குதித்தது. சுவிட்சுக்குள் கிளீனர் அடித்தோம், குதிப்பு நின்றது. ரோட் டெஸ்ட் செய்து கொடுத்தோம்.

போகும்போது அவள் சொன்னாள், "அண்ணே, கோவப்படாதீங்க. உங்ககிட்ட சர்வீஸுக்கு விட்டதுக்கு அப்புறம்தான் இப்படி ஆச்சு."

இந்த வாக்கியத்தை ஒரு மெக்கானிக் தன் வாழ்நாளில் எத்தனை முறை கேட்கிறான் என்பதற்குக் கணக்கே இல்லை. டயர் மாற்றினால், அதற்குப் பிறகுதான் ஹாரன் அடிக்கவில்லை என்பார்கள். காற்றடித்துக் கொடுத்தால், அதற்குப் பிறகுதான் வீட்டில் சண்டை என்பார்கள். அதனால் எங்கள் காது அந்த வாக்கியத்தை உள்ளேயே விடாது. தலையை மட்டும் ஆட்டும். முதல்ல கேளும் என்று சொன்ன மிஸ்டர் குலாவும் என்னோடு சேர்ந்து தலையை ஆட்டினார்.

மறுபடி வந்தாள். இந்தத் தடவை சுவிட்சையே புதிதாக மாற்றினோம். ரோட் டெஸ்ட்.

நாலாவது தடவை வேலை முடிந்து யூனிஃபார்மோடு வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாள். குரலில் கோபம்கூட இல்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"இன்னைக்கும் லேட்டு. பேஷண்ட்டெல்லாம் வாசல்ல உக்காந்திருந்தாங்க. ஒரு பாட்டிக்கு மூச்சு வாங்குது. ஹெட் சிஸ்டர் சொல்லிட்டாங்க, இன்னொரு தடவ லேட்டா வந்தா வேலைய கன்ஃபர்ம் பண்ண மாட்டாங்களாம். எங்கண்ணன் மோட்டார வித்துட்டு வீட்ல இருங்கறாரு. ரெண்டுல எது முதல்லன்னுதான் தெரியல."

நான் வழக்கமாக ஏதாவது ஜோக் அடிப்பேன். அன்று அவள் கையிலிருந்து வண்டியை வாங்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன்.

மிஸ்டர் குலா கண்ணாடியைத் துடைத்தார், வெகு நேரம். பிறகு, "புது சுவிட்ச் தானாப் பழுதாகாது. ஆரோ பழுதாக்கினம்" என்றார். மெக்கானிக்குகள் வழக்கமாகப் பிரிக்காத அந்தச் சுவிட்சைக் கழற்றி, ஒரு வெள்ளைத் தட்டின் மேல் வைத்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தித் திறந்தார். நானும் தேவிகாவும் இரு பக்கமும் குனிந்தோம்.

உள்ளே எறும்பு. ஒரு குடும்பமே. செப்புத் தகடுகளுக்கு நடுவில் நசுங்கியும் ஒட்டியும் கிடந்தன. சுற்றிலும் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பு. மிஸ்டர் குலா விரலால் தொட்டார். மூக்கருகே கொண்டுபோனார்.

"தேத்தண்ணி" என்றார்.

"நான் டீயே குடிக்கறது இல்ல அங்கிள்" என்றாள் தேவிகா. "ஒரு மைலோ பையக்கூட மோட்டார்ல மாட்ட முடியாது. வண்டி வாங்கும்போதே கொக்கி ஒடஞ்சிருந்திச்சு."

கொக்கி என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். கப்சாயில் சாமான் பை மாட்ட, கால்களுக்கு நடுவே ஒரு கொக்கி இருக்கும். மற்ற எல்லா வண்டியிலும் டீப் பையை அங்கேதான் மாட்டுவேன். சிந்தினாலும் தரையில் சிந்தும். இவள் வண்டியில் கொக்கி இல்லை. அதனால் பையை வலது பக்கக் கண்ணாடித் தண்டில் மாட்டுவேன். அதற்கு நேர் கீழே சாவித் துளை. மேடு ஏறி, பள்ளத்தில் இறங்கி, ஒவ்வொரு முழுமையான சோதனையிலும் ஒவ்வொரு சொட்டு. ஈரமாக இருக்கும்வரை வண்டி ஓடும். பிறகு பாகு காயும், எறும்பு வரும், சுரங்கத்துக்குள் விளக்கு போகும். அவள் எங்களிடம் வருவாள். நாங்கள் சரிசெய்துவிட்டு, மறுபடி டீ வாங்கப் போவோம்.

நான் மிஸ்டர் குலாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் பச்சை விளக்கு எரிந்து, உடனே சிவப்பும் எரிந்தது. மழைத் தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். பழைய வண்டி என்று சொல்லியிருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் எறும்பின் மேலேயே பழியைப் போட்டிருப்பேன்.

அவர் எழுந்து நின்றார். "பிள்ளை, நீர் முதல் நாளே சரியாச் சொன்னீர். எங்களிட்ட வந்த பிறகுதான் பழுதானது. இது என்ர தேத்தண்ணி" என்றார். பங்சார் கடை, டீச்சரம்மா, கண்ணாடித் தண்டு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். என் பெயரை மட்டும் சொல்லவில்லை. பையைத் தொங்கவிட்டது நான்தான் என்று நானே சொன்னேன்.

தேவிகா கத்தவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எறும்புகளை எண்ணுகிறாளோ என்று நினைத்தேன்.

"அங்கிள், ஒரு நாளைக்கு எத்தன பை?"

"ஒண்டு."

நான் கூரையைப் பார்த்தேன்.

"ரெண்டு" என்றார். "சில நாளில மூண்டு."

"ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிறீங்க? கால் மரத்துப் போகுதா? கண்ணாடிய அப்படித் தொடக்கிறீங்களே, அழுக்குக்கா, இல்ல மங்கலாத் தெரியுதா?"

கடைசிக் கேள்வி வந்தபோது அவர் கண்ணாடியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்; சட்டென்று நிறுத்தினார். இத்தனை வருடம் அதை நான் ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். அவள் குனிந்து அவர் கால்களைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் பையைத் திறந்தாள். அவள் அம்மாவுக்கும் சர்க்கரை. சின்ன மீட்டர் எப்போதும் பையிலேயே இருக்குமாம். அவர் விரலைப் பிடித்து ஒரு குத்து.

இருபத்து நாலு என்றது மீட்டர். எங்கள் ஊர் சர்க்கரை அளவில் பத்தைத் தாண்டினாலே கவலை என்றாள் அவள்.

"மீட்டர் பிழையாயிருக்குமோ?" என்றார் மிஸ்டர் குலா, மெதுவாக.

என்னால் அடக்க முடியவில்லை. "மீட்டர் பொய் சொல்லாது சார். வைக்கிற கைதான்..."

"அண்ணே சொல்றது சரிதான்" என்றாள் தேவிகா. "அந்த வெரலாலதான் சுவிட்ச்ல இருந்த பாகத் தொட்டீங்க. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க, இன்னொரு தடவ பாப்போம்."

கழுவிவிட்டு வந்தார். வேறு விரல், மறுபடி ஒரு குத்து. பதினேழு.

அவள் மீட்டரை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். "கிட்னிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கெடையாது அங்கிள். எங்க சென்டர்ல நாற்காலிதான் இருக்கு. வாரத்துக்கு மூணு நாள், நாலு மணி நேரம் உக்காரணும். உங்கள நான் அங்க பாக்க வேணாம்."

அன்றே இன்னொரு சுவிட்ச் போட்டோம். உடைந்த கொக்கி இருந்த இடத்தில், ஒரு ஆட்டைத் தொங்கவிட்டாலும் தாங்குகிற எஃகுக் கொக்கியை நான் என் கையால் திருகினேன். மீட்டர் வைத்தோம், சாவியை ஆட்டினோம், வித்தியாசம் இல்லை. பழக்க தோஷத்தில் ரோட் டெஸ்டுக்கு ஹெல்மெட்டை எடுத்தேன்.

"நீங்க வேணாம். நான் ஓட்டறேன்" என்றாள் தேவிகா. ஹெல்மெட்டை என் கையிலிருந்து வாங்கி மிஸ்டர் குலாவிடம் நீட்டினாள். "அங்கிள், ஏறுங்க."

இஸ்திரி மடிப்பு கலையாமல் மிஸ்டர் குலா பின்னால் ஏறி உட்கார்ந்ததையும், எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டதையும் பட்டறை முழுவதும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. வண்டி பாலத்துப் பக்கம் திரும்பவில்லை. நேராக டாக்டர் கிளினிக்குக்குப் போனது. முழுமையான சோதனை.

தேவிகாவின் வண்டி அதற்குப் பிறகு சுரங்கத்தில் நிற்கவில்லை. வேலை நிரந்தரமான அன்று எல்லாருக்கும் கச்சான் கடலைப் பொட்டலம் கொண்டுவந்து தந்தாள். இனிப்பு வாங்கக் கூடாது என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறாள். அண்ணனும் மோட்டாரை விற்கும் பேச்சை விட்டுவிட்டு, தன்னுடையதை எங்களிடம் சர்வீஸுக்குக் கொண்டுவந்தார். வாசலிலேயே கேட்டார், "டீ வாங்கப் போவீங்களா?" என்று. செய்தி கிள்ளான் வரை போயிருந்தது. டீச்சரம்மாவுக்குப் போகாமலா இருக்கும். அந்த அத்தியாயத்தை மிஸ்டர் குலா இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

இப்போது நாங்கள் இருவருமே ஓய்வில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதே பங்சார் கடையில் சந்திக்கிறோம். கண்ணாடி புதிது, மங்கலும் குறைந்திருக்கிறது. அவருக்குப் பாலும் சீனியும் இல்லாத தே ஓ. கடைக்காரருக்கு அவர்மேல் பழைய அன்பு. சில நாள் மனசு கேட்காமல் ஒரு கரண்டி சீனி போட்டுவிடுவார். அதனால் மிஸ்டர் குலா முறை தவறுவதில்லை. டீ வந்ததும் சீனி போட்டதா என்று முதலில் கேட்பார். இல்லை என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். மிஸ்டர் குலா கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து மேஜை ஓரத்தில் விடுவார். கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். நானும் பார்ப்பேன். டீ ஆறிக்கொண்டிருக்கும். எறும்பு ஒன்று வரும், சொட்டின் கரையில் நின்று யோசிக்கும், திரும்பிப் போகும்.

அதற்கப்புறம்தான் அவர் குவளையைத் தொடுவார்.